உண்மைச் செலவை மட்டும் எழுதவும்

"பத்மா, பட்ஜெட் பாரம் அனுப்பியாச்சா?"

தலைமைக் கிராணி குலசேகரம் கோலாலம்பூர் தலைமையகத்தில் மூன்று மாத மாற்றுப்பணி முடித்து அன்றுதான் ஜார்ஜ்டவுன் சுகாதார அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தார். இன்னும் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"காலையிலேயே பியூன் அப்துல் ஹமீது போஸ்ட் ஆபீஸுக்குக் கொண்டு போயிட்டாரு சார். கெலுகோர் கிளினிக் கூரைக்குத் தொண்ணூறாயிரம் வெள்ளி கேட்டிருக்கேன்," என்றாள் அவருக்குக் கீழே கணக்கெழுதும் பத்மாவதி.

"கூரைக்கு ஆகுறதே தொண்ணூறுதானே? வழக்கம்போல நாற்பத்தஞ்சு கூட்டிப் போடலியா?"

பதினெட்டு வருடமாக அதுதான் நடைமுறை. இவர்கள் கூட்டிக் கேட்பார்கள், தலைமையகம் மூன்றில் ஒரு பங்கை வெட்டும், கடைசியில் வேண்டியது வந்து சேரும். இந்தக் கூத்து இரண்டு பக்கத்துக்கும் தெரியும், யாரும் வெட்கப்பட்டதில்லை.

"இந்த வருஷம் வேணாம்லா. சர்குலர் வந்திருக்கே, பார்க்கலியா? நாட்டுக்குக் கடன் ஏறிப்போச்சு, உண்மைச் செலவை மட்டும் எழுதுங்க, ஒரு காசுகூட வெட்டமாட்டோம்னு சொல்லியிருக்காங்க."

மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்குத் தபால் மூட்டை கிளம்பிவிடும். குலசேகரம் போஸ்ட் ஆபீஸுக்கு ஃபோனைச் சுழற்றினார். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் சுழற்றினார். ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் சுழற்றினார்.

"மழை பெஞ்சா, பிள்ளைங்களுக்கு ஊசி போடுற ரூம்ல குடை பிடிக்கிறாங்க. இந்தத் தடவையும் கூரை போடலேன்னா கிளினிக்கையே மூடிடுவாங்க பத்மா."

"அதுக்குத்தானே சார் உள்ளதைக் கேட்டேன். மத்தவங்க புளுகட்டும். நாமளாவது யோக்கியமா இருப்போமே."

"அந்தச் சர்குலரை நம்பிட்டியா?"

பத்மாவதிக்குச் சுருக்கென்றது. "ஏன் நம்பக்கூடாது? எத்தனை சர்குலர் படிச்சிருக்கேன். இது அப்படி இல்ல சார். எழுதினவரு மனசார எழுதியிருக்காரு. படிச்சப்போ எனக்குக் கண்ணே கலங்கிருச்சு."

அப்துல் ஹமீது ரசீதோடு உள்ளே வந்தார். "மூட்டை கட்டி லோரியில ஏத்திட்டாங்க. நான் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

குலசேகரம் ஃபோனை வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தார்.

"எழுதினவன் நான்தான் பத்மா. எல்லாரும் உள்ளதை மட்டும் கேட்டா, அதுலயும் மூணுல ஒண்ணு வெட்டலாம், நம்புற மாதிரி எழுதிக் குடுன்னு மேல சொன்னாங்க."