சிவப்புக் குமிழ்

"ஆள் விழுந்தாச்சு!"

கத்தியபடியே அந்த ஆரஞ்சு மிதவை வளையத்தைக் கடலில் வீசினாள்.

தணிகாசலம் அலறியடித்துத் திரும்பினார். படகில் இருந்தது இரண்டே பேர். அவளும் அவரும். விழுந்தது வெறும் வளையம்தான் என்று உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

"என்ன மேடம், எனக்கு உயிரே போயிடுச்சு."

"விழுந்தவனை எப்படித் தூக்குவீங்கன்னு பாக்கணும் சார். அப்புறம்தான் விலை பேசுவேன்."

விற்கிறவர் அவர். வாங்க வந்திருப்பவள் அவள். ஆடச் சொன்னால் ஆடித்தான் ஆக வேண்டும்.

புதுச்சேரிக் கலங்கரை விளக்கம் கட்டைவிரல் உயரத்துக்குச் சுருங்கியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, பாய் விரித்து, காற்றிலேயே இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

சாவியைத் திருப்பினார்.

உடனே பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை. கரும்புகை இல்லை. பின்புறக் குழாய் தண்ணீரைத் துப்பித் துப்பி ஊற்றியது.

"பாத்தீங்களா? ஒரே திருப்பு! ஆயில், ஃபில்டர், தண்ணி பம்ப்புல இருக்கிற ரப்பர் சக்கரம், எல்லாம் வருஷா வருஷம் என் கையால மாத்துவேன். பெத்த புள்ளையைக்கூட இப்படிப் பாத்துக்கிட்டதில்ல."

கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் முழுதாக நம்பினாள்.

"ஒரு நாள்கூட மக்கர் பண்ணதில்லையா?"

"வாங்குன நாள்லேருந்து ஒரு நாள்கூட."

"சத்தியமா?"

"என் பொண்ணு மேல சத்தியம் மேடம்."

அந்தப் பெண்ணின் தலை இவ்வளவு மலிவா?

காலையிலிருந்தே இப்படித்தான். கரையில் வகுப்பு எடுத்தார். இந்த டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பினால் நிற்காது. இதோ, இந்தச் சிவப்புக் குமிழை இழுக்க வேண்டும். "லேடீஸுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, கேஸ் அடுப்பை அணைக்கிறோமில்ல, அது மாதிரி." அவள் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். ஏன் விற்கிறீர்கள் என்றதற்கு முட்டி வலி என்றார். லைஃப் ஜாக்கெட்டை நீட்டியதற்கு, அதெல்லாம் நீச்சல் தெரியாதவர்களுக்கு என்றார். கழுத்தில் வடச் சங்கிலி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. தலையில் கேப்டன் தொப்பி. பிறந்தநாள் கேக்கின் மேல் குத்தி வைக்கிற பொம்மை.

பாயைத் தளர்த்தினார். படகைத் திருப்பி வளையத்தின் பக்கம் கொண்டுவந்தார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார்.

"ஸ்டியரிங்கை மட்டும் பிடிச்சுக்குங்க. வேற எதையும் தொட்டுடாதீங்க."

கொக்கிக் கழியை நீட்டினார். எட்டவில்லை. ஓர் அலை வளையத்தைத் தள்ளிக்கொண்டு போனது. இன்னும் குனிந்து நீட்டினார். தொப்பி விழுந்தது.

"விடுங்க சார். நான் யோசிச்சுச் சொல்றேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று பொருள் விற்கிற எவருக்கும் தெரியும். இதற்கு முன் பார்க்க வந்த அத்தனை பேரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் காணாமல் போனார்கள். இவளும் போனால், இன்னொரு மழைக்காலத்துக்கும் படகு அவர் தலையில்தான்.

தணிகாசலம் சட்டையைக் கழற்றினார்.

முட்டி வலிக்காரர் குதித்தார்.

நாலு வீச்சில் வளையத்தைப் பிடித்துவிட்டார். கோப்பை வென்றவரைப் போல அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

அவள் குமிழை இழுத்தாள்.

எஞ்சின் நின்றது.

பாயை இழுத்துக் கட்டினாள். காற்று அதில் நிறைந்தது. படகு நகர்ந்தது, ஒரு அவசரமும் இல்லாமல்.

"ஐயோ, தப்பா இழுத்துட்டீங்க மேடம்! சாவி! சாவியத் திருப்புங்க!"

இரண்டு படகு நீளம்.

நீந்தி வந்தார். வளையம் பின்னுக்கு இழுத்தது. அதை விட்டுவிடவும் பயம். கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

மூன்று.

"திருப்பும்மா! சாவியத் திருப்பு தாயி!"

மேடம் போய் தாயி வந்துவிட்டது.

"ஸ்டார்ட் ஆகல சார்."

"பொய் சொல்லாத! அது எப்படி ஆகாமப்…"

அங்கேயே நின்றுவிட்டது பேச்சு.

போன வருஷம், இதே கடலில், இதே படகிலிருந்து, அவருடைய தொழில் கூட்டாளி அருளானந்து தவறி விழுந்தார். போலீஸில் தணிகாசலம் சொன்னதும் அதுதான். எஞ்சின் ஸ்டார்ட் ஆகல சார். திரும்பிப் போய்த் தூக்க முடியல சார்.

சொல்லிவிட்டு அழவும் செய்தாராம்.

அவள் சாவியைப் பார்த்தாள். அதை அவள் இன்னும் தொடவேயில்லை.

"உங்களுக்கு வளையமாவது போட்டிருக்கேன்," என்றாள்.

அவருக்குக் கேட்டிருக்காது. பரவாயில்லை.

அருளானந்து வீட்டுத் துக்கத்துக்குத் தணிகாசலம் வரவில்லை. ஆள்விட்டு மாலை அனுப்பினார். ரோஜா மாலை, பெரியது.

நேரில் வந்து போட்டிருந்தால், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அருளானந்துவின் மனைவி முகம் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும்.