கல்யாணச் சதை

பெண் பருத்திருந்தால்தான் அழகு என்னும் ஊரில், குச்சி என்று இரண்டு வரன்கள் தட்டிப்போன மகள் லாலியாவுக்கு, அவள் அழ அழ, தெஸ்லெம் ஒட்டகப்பால் புகட்டினாள். ஒரே மாதத்தில் கால்கள் தூணாகின. மூன்றாவது வரன் கைகூடியது. வெள்ளிக்கிழமை கல்யாணம்.

“நுவாக்சோட் ஊருலயே உன் பொண்ணுதான்டி அழகி. என்ன, நாலடி நடந்தா மூச்சு வாங்குது” என்றாள் பக்கத்து வீட்டு ஸெல்மா.

“சதை வச்சா வாங்கத்தான் செய்யும். உனக்கு வயித்தெரிச்சல்.”

புதன்கிழமை மூச்சு முட்டி லாலியாவால் படுக்கவே முடியவில்லை. மருத்துவர் அவள் காலை விரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

“இது கொழுப்பு இல்லம்மா, தண்ணி. இதயம் தளந்துபோச்சு. இன்னைக்கே வடிக்கலேன்னா தாங்கமாட்டா.”

“வடிச்சா?”

“பழையபடி மெலிஞ்சிடுவா.”

“பரவால்ல, வடிங்க டாக்டர்.”

லாலியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்மா. மறுபடி முதல்லேர்ந்து அந்தப் பாலைக் குடிக்க என்னால முடியாது.”