ஸ்டிக்குக்கு ஒரு மூக்கணாங்கயிறு

கத்தி சிவக்கும்வரை காஸ் அடுப்பில் காட்டினாள்.

ஐஸ்கிரீம் டப்பா மூடி, இழுத்த இழுப்புக்கு வழிவிட்டது. சின்னத் துண்டு ஒன்றை வெட்டியெடுத்தாள். பிளாஸ்டிக் கருகிய நாற்றத்துக்கு ஊதுபத்தி ஏற்றினாள்.

உள்ளறையில் அவள் புருஷனின் குறட்டை. ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் நிச்சயம். நாலரைக்கு எழுந்து, பொம்மை ஹெலிகாப்டரைக் காரில் ஏற்றி, அவளையும் ஏற்றிக்கொண்டு வறண்ட குளத்துக்குப் போவான்.

பொம்மை என்று பெயர்தான். நிமிர்த்தி வைத்தால் அதன் இறக்கை அவள் மார்பு உயரம் வரும்.

அங்கே அவள்தான் குறி. அசையாமல் நிற்க வேண்டும். ஹெலிகாப்டரை அவள் முகத்தை நோக்கி விரட்டுவான். ஒரு முழம் இருக்கும்போது ரிமோட்டின் ஸ்டிக்கைச் சட்டென்று பின்னால் இழுத்து நிறுத்துவான். கூட்டாளிகள் கை தட்டுவார்கள்.

போன வாரம் அந்த முழம் தப்பியது.

இடது காதின் மேல்நுனி குளத்து மண்ணில் கிடந்தது. தகரம் கிழித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னான். வீட்டுக்கு வந்ததும், அசைந்ததற்காக அறைந்தான். கட்டுப் போட்ட பக்கத்திலேயே.

அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் வெறுப்பு மட்டும் வந்தது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு, ஸ்டிக் முழுதாகப் போகாமல் தடுக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு வைப்பார்கள். கூட்டாளி ஜெயசீலனுக்கு இவனே செய்து கொடுத்தான். மூக்கணாங்கயிறு என்று கிண்டல் வேறு. அன்றைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள்.

ரிமோட்டின் முதுகில் நான்கு ஸ்க்ரூ. கழற்றினாள்.

துண்டை ஸ்டிக்கின் அடியில் முன்பக்கமாக வைத்துப் பார்த்தாள். முன்னே தள்ளினால் பாதியில் முட்டியது. இனி ஹெலிகாப்டர் விரைந்து வராது. ஊர்ந்து வரும். முகம் பிழைக்கும்.

அப்புறம்?

ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். கூட்டாளிகள் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து எதை எடுத்து அடிப்பான் என்று யோசித்தாள். வீட்டில் அவன் எடுத்து அடிக்காத பொருள் எதுவும் மிச்சமில்லை.

துண்டைக் கழற்றினாள்.

பின்பக்கமாக மாற்றி வைத்து ஒட்டினாள்.

மெதுவாக இழுத்தால் வித்தியாசம் தெரியவில்லை. சட்டென்று நிறுத்த முழுக்க இழுத்தால்தான் முட்டியது. பறக்கவிடும் முன் ஸ்டிக்கை நாலு பக்கமும் அசைத்துப் பார்ப்பது மற்றவர்கள் வழக்கம். அதெல்லாம் கத்துக்குட்டிகள் வேலை என்பான் அவன்.

ஸ்க்ரூவை முடுக்கும்போது குறட்டை நின்றது.

குளத்தில் ஆறேழு பேர் கூடியிருந்தார்கள். அவன் கை காட்டிய இடத்துக்கு அவள் போகவில்லை. கூட்டாளிகள் பக்கம் போய் நின்றாள்.

"ஏனுங்க, எம் மூஞ்சிக்கு நேரா நிறுத்தறது என்ன பெருசு? உங்க மூஞ்சிக்கு நேரா நிறுத்துங்க பார்க்கலாம்."

ஜெயசீலன் விசிலடித்தான். இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்லும் ஆள் இல்லை அவள் புருஷன்.

ஹெலிகாப்டர் மறுகரை வரை போய்த் திரும்பியது. அவனை நோக்கி வந்தது. அவளை நோக்கி வந்ததைவிட வேகமாக.

அவன் சிரித்துக்கொண்டே இழுத்தான்.

சிரிப்பு நின்றது. குனிந்து கையைப் பார்த்தான். மறுபடி இழுத்தான்.

படுங்க என்று ஒரு சொல் கத்துவதற்கு நேரம் இருந்தது.

அவள் வாயைத் திறந்தாள்.

பிறகு மூடிக்கொண்டாள்.