மார்கழி பிரேக்

மயிலாடியில் மார்கழி வெயில் இன்னும் தரைக்கு இறங்கவில்லை. பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய ஜீப், வைக்கோற்போருக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நிற்கிறது. நல்லவேளை, போருக்கு அந்தப்பக்கம்தான் கிணறு. "பிரேக்கு உச்சைக்கு நல்லாப் பிடிக்கு மேஸ்திரி, விடியக்காலத்த மட்டும் பிடிக்க மாட்டேங்கு" என்கிறார் சிலைக்கடை பொன்னுலிங்கம். ஒர்க்‌ஷாப் மேஸ்திரி ரசலையன் நான்கு சக்கரத்தையும் தடவிப் பார்த்தாயிற்று, எங்கும் ஒழுக்கில்லை. காலடித் தகட்டைக் கழற்றி, பிரேக் ஆயில் கிண்ணத்தைத் திறந்து விரலை விடுகிறார். வெள்ளையாக, வெண்ணெய்போல் ஒட்டிக்கொண்டு வருகிறது. முகர்ந்ததும் அவர் முகம் மலர்கிறது. தேங்காயெண்ணெய்; அதுவும் செம்பருத்தி போட்டுக் காய்ச்சியது. "குளிருல ஒறைஞ்சு கெடக்கு மொதலாளி. இத ஊத்துனது ஆரு?" பொன்னுலிங்கம் தென்னை உச்சியைப் பார்க்கிறார். கூந்தலில் சிக்கிய வைக்கோலைப் பொறுக்கிக்கொண்டு நிற்கும் அவர் மனைவி தாணம்மாள், மேஸ்திரியின் விரலருகே மூக்கைக் கொண்டுபோகிறாள். "ஒரு கெழமையாட்டு நான் வீடு முழுக்கத் தேடுத எண்ணெயல்லா இது!" ரசலையன் சிரிப்பை மென்று விழுங்குகிறார். அந்த ஜீப்புக்காக ஒருநாளும் குனிந்தறியாத பொன்னுலிங்கம், வெள்ளை வேட்டியோடு அதன் அடியில் நுழைகிறார்.