யூனிஸ் பெயர் வேண்டாம்

"யூனிஸ் பேரை அங்கே வெட்ட வேண்டாம்."

மர்டோ சொன்னதும் தேவாலயக் கூடமே அவன் பக்கம் திரும்பியது.

கிரேட்டா நம்பாமல் அவனைப் பார்த்தாள். செத்தது அவள் தங்கை. சொல்வது தங்கையின் புருஷன்.

கேப் பிரெட்டன் தீவின் அந்தச் சின்னத் துறைமுகத்தில் ஒரு கருங்கல் நிற்கிறது. கடல் கொண்டுபோனவர்களின் பெயர்கள் அதில். மேலே கேப்டன்கள், கீழே படகில் வேலை செய்த ஆட்கள். ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது. "பொம்பளைங்க பேரா?" என்று இழுத்த நினைவுக்கல் கமிட்டியை, குளிர்காலம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கிச் சம்மதிக்க வைத்தவள் கிரேட்டா.

"கீழே, கடைசியா, 'மர்டோவின் மனைவி யூனிஸ்'னு போடறோம்," என்றார் கமிட்டித் தலைவர் ஆங்கஸ். "பெரிய மனசு பண்ணித்தான்பா செய்யறோம்."

"வேண்டாம்னா வேண்டாம்."

கிரேட்டா எழுந்துவிட்டாள்.

"ஏன், பொம்பளை பேர் ஏறினா உன் மானம் போயிடுமா? உன் படகுல சிங்கி இறாலுக்கு இரை கோத்தே அவ கை புண்ணாச்சு. நீ மட்டும் உயிரோட வந்து நிக்கறே. அவ பேர்கூட மிஞ்சக் கூடாதா?"

யாரும் அவளை அடக்கவில்லை. "வெக்கங்கெட்ட பய," என்று பின்னால் ஒரு குரல்.

மர்டோ தலை நிமிரவில்லை.

"படகு லைசென்ஸ்தான் என் பேர்ல, கிரேட்டா. சுக்கான் அவ கையில. எங்கே இறால் கூண்டு இறக்கணும், எப்பக் கரை திரும்பணும், எல்லாம் அவதான். இரை கோத்தது, கூண்டு இழுத்தது நான்."

ஆங்கஸ் ஏதோ கேட்க வாயெடுத்தார். மர்டோ நிறுத்தவில்லை.

"அன்னிக்குப் படகு கவிழப் போகுதுன்னு தெரிஞ்சதும், 'நீ முதல்ல மிதவையில ஏறு'ன்னு அவ கையைப் பிடிச்சு இழுத்தேன். உதறிட்டா. 'கேப்டன் கடைசியாத்தான் இறங்கணும், போடா'ன்னு என்னைத் தள்ளிவிட்டா. திரும்பிப் பார்க்கறேன், படகு இல்லை."

கிரேட்டா மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்போ... என்னதான் பண்ணச் சொல்றே?" ஆங்கஸின் குரல் இறங்கியிருந்தது.

"கீழே வேண்டாம்னுதான் சொன்னேன்," என்றான் மர்டோ. "மேலே வெட்டுங்க. கேப்டன் யூனிஸ்னு."