தடைப்பலகை

பல்கேரியாவிலேயே கம்பிக்கயிறு அவிழ்க்கத் தெரிந்தவன் ஸப்ரியான் ஒருவன்தான். இதை அவனே பலமுறை உறுதிப்படுத்தியிருக்கிறான்.

ரோப்காருக்குப் புதுக்கயிறு போடும்போது, கயிறு சுற்றிய உருளை சுழலச் சுழல அதைப் பலகையால் அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த வேலையில் செத்த ராங்கெலுக்காக, எல்லோரும் முதலில் மண்ணில் கொஞ்சம் ரகியா சாராயம் ஊற்றுவார்கள்.

“செத்தவன் சரக்கடிச்சுட்டு வந்து பலகை புடிப்பானாடா?” என்ற ஸப்ரியான், ஊற்றாமலே வேலையைத் தொடங்கினான்.

மாலைக்குள் அவன் கைகள் மரத்துவிட்டன. பலகை நழுவி விழுந்தது. உருளை தறிகெட்டுச் சுழன்றது. கீழே சரிவில் கயிற்று முனையோடு நின்றவன் அவன் தம்பி ஓக்னியான். தளர்ந்த கயிறு சுருண்டடித்தால் ஆள் மிஞ்சமாட்டான்.

மரம் கருகும் வாசனை வந்தது. உருளை மெதுவாகி நின்றது. பலகை தரையில்தான் கிடந்தது.

“ரெண்டு பேரும் நல்லா அமுக்கினீங்கண்ணே!” என்று கீழிருந்து கத்தினான் ஓக்னியான்.

மேலே ஸப்ரியான் தனியாகத்தான் நின்றிருந்தான். ரகியா புட்டியைத் திறந்து மண்ணில் ஊற்றினான், கொஞ்சம் தாராளமாகவே.