எளிய கணக்கு

"இந்த டேப்லெட் ஒவ்வொரு பிள்ளையும் எங்க தடுமாறுதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்கேத்த மாதிரி பாடம் நடத்தும் சார்" என்றான் விற்க வந்தவன். பள்ளித் தாளாளர் டேப்லெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பத்தாவதுல எந்தப் பிள்ளை ஃபெயிலாகும்னு ஆறாவதுலயே சொல்லிடுமா?"

"சொல்லிடும் சார்."

"அப்ப முன்னாடியே டி.சி. குடுத்து அனுப்பிடலாம். ரிசல்ட் கெடாது" என்றவர் அன்றே வாங்கிவிட்டார். கணக்கு டீச்சர் பிலோமினா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மறுவாரம் ஆறாம் வகுப்பில் வெண்மதி டேப்லெட்டில் விடையைத் தப்பாகத் தொட்டாள். திரை இன்னும் எளிய கணக்கைக் காட்டியது. "டீச்சர், இது திட்டவே மாட்டேங்குது!" என்று சிரித்தாள். அதையும் தப்பாகத் தொடப் போனபோது, பிலோமினா அவள் விரலைப் பிடித்துச் சரியான விடைமேல் வைத்தாள். உடனே கடினமான கணக்கு வந்தது.

"இது எனக்குத் தெரியாதே டீச்சர்."

பிலோமினாவால் அந்த விரலை விட முடியவில்லை.